புனிதர் வணக்கம் – ஒரு வரலாற்று நோக்கு

கல்விச் சங்கம் ஒன்றன் வெள்ளிவிழா மலரில் சமயம் பற்றிய கட்டுரை எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். நம் சங்கத்தில் கத்தோலிக்கர் உளர். தென்னிந்தியத் திருச்சபையார் உளர். அம்மனையும் ஐயனாரையும் வழிபடுவோர் உளர். பௌத்தம் தழுவியோரும், எச்சமயமும் வேண்டா என்போரும் உளர். இவர்கள் அனைவரும் ஒரே தெருவினர். பல வேளைகளில் ஒரே வீட்டினர். ஆகவே கொடியேற்றம் நடந்து நவநாள் தொடங்கிவிட்டால் திண்ணைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. கடவுள் ஒருவர் இருக்க, அந்தோணியாரிடமும் செபஸ்தியாரிடமும் போய் நிற்பானேன்? பண்ணையாரைப் பார்ப்பதற்குக் காரியக்காரனைப் பிடிப்பது போலல்லவா இது?

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. நம் பாட்டனாரும் முப்பாட்டனாரும் வரப்பில் தள்ளி நின்று, இடையில் ஒருவனை வைத்தே தம் குறையைச் சொன்னவர்கள். நேரே பேச உரிமையற்றிருந்த மக்களிடம், விண்ணகத்திலும் சிபாரிசு இருந்தால்தான் காரியம் நடக்கும் என்று ஒரு சமயம் சொல்லுமானால், அது புண்ணில் புளியைக் கரைத்து ஊற்றுவதற்கு ஒப்பாகும். கத்தோலிக்க மறை உண்மையில் அவ்வாறுதான் சொல்கிறதா என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பதே நம் நோக்கம்.

முதற்கண் கொள்கையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. புனிதர்க்கு உரியது வணக்கம். கிரேக்க மொழியில் முன்னதை 'லாத்ரியா' என்றும் பின்னதைத் 'தூலியா' என்றும் இருவேறு சொற்களால் வழங்குவர். தேவமாதாவுக்கு அளிக்கப்படும் வணக்கம் ஏனையோர்க்கு உரியதினும் மேம்பட்டதாயினும் அதுவும் ஆராதனை அன்று. 'தூலியா' என்பது அடிமை எனப் பொருள்படும் 'தூலொஸ்' என்னும் சொல்லோடு வேர்த் தொடர்புடையது என்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர்ப் பயன்படும். உருவங்களைப் பற்றிய பெரும் பூசல் எழுந்தபோது 787இல் நீக்கேயா நகரில் கூடிய பொதுச்சங்கம், சுரூபத்திற்குச் செய்யும் மரியாதை மரத்தையோ வண்ணத்தையோ சேராது, அது யாரைக் குறிக்கிறதோ அவரையே சேரும் என்று முடிவு கூறியது. டாக்டர் அம்பேத்கர் படத்திற்கு ஆண்டுதோறும் மாலை அணிவிக்கும் நமக்கு இதை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. நாம் சட்டம் போட்ட காகிதத்திற்கு மாலை அணிவிப்பதில்லை.

வணக்கம் ஒருபுறம் இருக்க, வேண்டுதல் என்பது யாது? கத்தோலிக்கர் சொல்லும் மன்றாட்டு மாலையை உற்றுக் கேட்டால் விடை அதிலேயே உள்ளது. கடவுளைக் குறித்துச் சொல்லும்போது இரக்கத்தைக் கேட்கின்றனர். புனிதரின் பெயரைச் சொல்லும்போதோ, தங்களுக்காக வேண்டிக்கொள்ளுமாறு மட்டுமே கேட்கின்றனர். வரம் தருபவர் ஒருவர். உடன் நின்று கேட்பவர் வேறொருவர். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவர் இயேசு ஒருவரே என்று பவுலடியார் பெயரால் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் கூறுகிறதே என்று சீர்திருத்தச் சபை அன்பர்கள் எடுத்துக்காட்டுவர். அதே அதிகாரம், எல்லா மனிதருக்காகவும் மன்றாடுங்கள் என்ற வேண்டுகோளோடுதான் தொடங்குகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பக்கத்து வீட்டு ஆத்தாளிடம், 'நீயும் ஒரு செபம் சொல்லு' என்கிறாள் தாய். அவ்வாறு சொல்வதனால் கடவுள் தன் சொல்லைக் கேளார் என்று அவள் கருதுவதாகக் கொள்ளலாமா? உறவு அப்படி. இறப்பு இவ்வுறவை அறுப்பதில்லை என்பதே கத்தோலிக்கர் கூட்டிச் சொல்லும் ஒன்று. விசுவாச அறிக்கையில் நம் முதியோர் 'சமுதீதப் பிரயோசனம்' என்று பொருள் தெரிந்தும் தெரியாமலும் ஒப்பித்து வந்தது இதனைத்தான். இருப்போரும் இறந்தோரும் ஒரே குடும்பம். ஒருவர் பேறு மற்றவர்க்கும் உதவும் என்பது அதன் கருத்து.

இனி வரலாற்றுக்குள் நுழைவோம்.

சிமிர்னா என்பது இன்றைய துருக்கி நாட்டின் இஸ்மீர் நகரம். அங்கே ஆயராயிருந்த போலிக்கார்ப்பு என்னும் முதியவர் ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் எரித்துக் கொல்லப்பட்டார். அச்சபையார் எழுதிய மடல் இன்றும் உள்ளது. அவருடைய எலும்புகளைப் பொன்னினும் மணியினும் மேலாகக் கருதிப் பொறுக்கியெடுத்து அடக்கம் செய்ததையும், அவர் இறந்த நாளையே பிறந்த நாளாக ஆண்டுதோறும் கொண்டாடக் கருதியதையும் அம்மடல் கூறுகிறது. கிறிஸ்துவைத் தொழுவதும் அவருடைய சாட்சிகளை நேசிப்பதும் வெவ்வேறு என்ற தெளிவும் அதிலேயே காணப்படுகிறது. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டிய தமிழருக்கு இம்மனநிலை அயலானதன்று. உரோமை நகருக்கு வெளியே ஆப்பியா நெடுஞ்சாலையில், இன்று புனித செபஸ்தியார் கோவில் நிற்குமிடத்தின் கீழே, மூன்றாம் நூற்றாண்டில் எளிய மக்கள் சுவரில் கீறிவைத்த எழுத்துகள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டுள்ளன. பேதுருவும் பவுலும் தங்களை நினைவுகூர வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

அக்காலத்துச் சாட்சிகள் எத்தகையோர்? இங்குதான் நம் மக்கள் நின்று நோக்க வேண்டும். 177இல் பிரெஞ்சு நாட்டு லியோன் நகரில் பலர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பிளாந்தினா என்பவள் அடிமைப் பெண். அவளுடைய எசமானியும் பிடிபட்டோருள் ஒருத்தி. மெலிந்த உடலுடைய இவ்வடிமை அச்சத்தால் மறுதலித்துவிடுவாளோ என்று எசமானிக்குக் கவலை. நடந்ததோ வேறு. விடியல் முதல் அந்திவரை மாறி மாறி வதைத்தவர்களே களைத்துப்போயினர். அவளை ஒரு கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டபோது, உடனிருந்தோர் அவளிடத்தில் சிலுவையில் தொங்கிய தம் ஆண்டவரையே கண்டனர் என்று அந்நகரச் சபையார் எழுதினர். அடிமைப் பெண்ணின் உடலில் ஆண்டவரின் சாயலைக் கண்டோம் என்று உரோமைப் பேரரசின் குடிகள் எழுதியதன் கனத்தை, தீண்டினால் தீட்டு என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய நாம் மற்றெவரினும் நன்கு உணரலாம்.

ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரில் 203ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் நிகழ்ந்தது இதனினும் வியப்புடையது. பெர்பேத்துவா உயர்குடிப் பெண்; வயது இருபத்திரண்டு அளவில்; கைக்குழந்தை உடையவள்; கல்வி கற்றவள். சிறையிலிருந்தபடியே தன் நாட்குறிப்பைத் தானே எழுதினாள். பெலிசித்தா அடிமைப்பெண், எட்டு மாதக் கருவுற்றிருந்தாள். கருவுற்ற பெண்ணைக் கொல்லலாகாது என்பது உரோமைச் சட்டம். ஆதலின் தன் தோழரோடு இறவாமல், பின்னர்க் குற்றவாளிகளோடு தனித்து இறக்க நேருமே என்று அவள் வருந்தினாள். எல்லாரும் கூடி அவளுக்காக மன்றாடினர். சிறையிலேயே பெண் மகவு பிறந்தது. அதனைக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எடுத்து வளர்த்தாள். அரங்கில் காட்டுப் பசு முட்டித் தள்ள, தானும் வீழ்ந்து எழுந்த பெர்பேத்துவா, கீழே கிடந்த பெலிசித்தாவைக் கண்டு அருகே சென்று கைகொடுத்துத் தூக்கினாள். இருவரும் சேர்ந்து நின்றனர். உரோமைத் திருப்பலியின் பழைமையான நற்கருணை மன்றாட்டில், பெலிசித்தா, பெர்பேத்துவா என்று இரு பெயர்கள் இன்றும் அடுத்தடுத்து வருகின்றன. அடிமை எனப் பொருள்படும் சொல்லோடு உறவுடைய 'தூலியா' அடிமைக்கே உரித்தான வணக்கமாகவும் அன்று விளங்கிற்று. எசமானர் குலத்தவர் முழந்தாளிட்டு அடிமைப் பெண்ணிடம், 'எமக்காக வேண்டும்' என்று கேட்பதை வேறெந்த அரசவையில் கண்டோம்?

ஆயினும் இது இப்படியே நிலைத்துவிடவில்லை. 313க்குப் பின் கிறிஸ்தவம் அரசின் ஆதரவைப் பெற்றது. 386இல் மிலான் நகர ஆயர் அம்புரோசியார், செர்வாசியு, புரோத்தாசியு என்னும் வேதசாட்சிகளின் எலும்புகளைக் கண்டெடுத்துத் தம் கோவிலின் பீடத்தின்கீழ் வைத்தார். ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் கிடந்த புனிதர்கள் ஊர் நடுவே பெருங்கோவில்களுக்குள் வந்தனர். அக்கால உரோமைச் சமுதாயத்தில் எளியவன் ஒவ்வொருவனும் ஒரு செல்வரைத் தன் ஆதரவாளராகக் கொண்டு வாழ்ந்தான். அவ்வாதரவாளரை 'பத்திரோனுசு' என்பர். நம்மவர் 'பாதுகாவலர்' என்று கூறும் சொல்லின் வரலாறு இதுவே. பீட்டர் பிரவுன் என்னும் வரலாற்றறிஞர் 1981இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைக்கிறார். புனிதர் வணக்கம் பாமரர் கொண்டுவந்து நுழைத்த மூடப்பழக்கம் என்ற பழைய கருத்தை அவர் மறுக்கிறார். கற்றறிந்த ஆயர்களே அதனை வளர்த்தனர் என்றும், மண்ணுலக ஆதரவாளரின் கொடுமை இல்லாத தூய ஆதரவாளரை மக்கள் விண்ணகத்தில் கண்டனர் என்றும் அவர் காட்டுகிறார். அவர் கூற்று பொருந்துவதே. எனினும் மொழி மாறினால் நினைப்பும் மெல்ல மாறும் அன்றோ! உடன்பிறந்தாளாயிருந்த புனிதை பெருமாட்டி ஆனாள்; மன்றாட்டு சிபாரிசு ஆயிற்று. நம் திண்ணைக் கேள்விக்கு வேர் இங்கேதான் உள்ளது.

இடைக்காலத்தில் எலும்பு வாணிகமும் பொய்ப் புதுமைகளும் மலிந்தன. மார்ட்டின் லூத்தர் முதலியோர் எழுந்தனர். 1530இல் வெளியிடப்பட்ட அவுக்சுபர்க்கு அறிக்கை, புனிதரை நினைவுகூர்ந்து அவர் வாழ்வைப் பின்பற்றலாம், அவரிடம் உதவி வேண்டலாகாது என்றது. 1563 திசம்பரில் திரெந்து பொதுச்சங்கம், புனிதரை வேண்டுதல் நல்லது, பயனுடையது என்று விடையிறுத்தது. அதே மூச்சில், மூடநம்பிக்கையும் இழிந்த வருவாய்த் தேட்டமும் ஒழிக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய தன் கொள்கைத் திரட்டில், புனிதர்பால் கொள்ளும் மெய்யன்பு வெளிச்சடங்குகளின் பெருக்கத்தில் இல்லை, செயல்மிக்க அன்பில் உள்ளது என்று தெளிவுறுத்தியது. இவ்வளவில் கொள்கைப் பூசலை நிறுத்திக்கொள்வோம்.

மேல்நாட்டார் கறுப்பரை அடிமைகொண்ட காலத்தில் புனிதர் வணக்கம் எவ்வாறு இயங்கியது என்பதற்கு, தென் அமெரிக்காவின் பெரு நாட்டைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பதரிது. அந்நாட்டின் தலைநகர் லீமாவில் 1579இல் மார்த்தின் தெ போரஸ் பிறந்தார். தாய் ஆனா வெலாஸ்கெஸ், விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். தந்தை ஸ்பானிய உயர்குடியினர். குழந்தையின் நிறம் கண்டு தந்தை முதலில் உரிமை பாராட்டவில்லை. ஞானஸ்நானப் பேரேட்டில் தந்தை பெயர் தெரியாது என்றே எழுதப்பட்டது. மார்த்தின் இளமையில் நாவிதமும் அறுவை மருத்துவமும் கற்றார். அக்காலத்தில் இரண்டும் ஒரே தொழில். பதினைந்து வயதளவில் சாமிநாதர் சபை மடத்தில் சேர்ந்தார். கறுப்பர், செவ்விந்தியர் வழிவந்தோர் துறவற சபைகளில் முழு உறுப்பினராதலை அந்நாட்டுச் சட்டம் தடுத்தது. ஆகவே அவர் பணியாளாகவே சேர்க்கப்பட்டார். மடத்தார் சிலர் அவரை நாய் என்று வைதனர். 1603இல்தான் அவர் வார்த்தைப்பாடு கொடுத்துச் சகோதரராக ஏற்கப்பட்டார். மடத்து மருத்துவமனையில் அடிமைக்கும் பிரபுவுக்கும் ஒன்றுபோல் மருந்திட்டார். அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார். 1639 நவம்பர் 3இல் அவர் இறந்தபோது அரசப் பிரதிநிதியும் மேலோரும் அவருடைய பாடையைத் தோளில் சுமந்தனர் என்பர்.

அவரோடு ஒரே காலத்தில் அதே நகரில் வாழ்ந்தவர் ரோசம்மாள். ஸ்பானியக் குடும்பத்தில் 1586இல் பிறந்தவர். இருவரும் ஒரே செபஸ்தியார் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றனர். ரோசம்மாள் 1617இல் இறந்தார். 1671இல், அஃதாவது ஐம்பத்து நான்கே ஆண்டுகளில், புனிதை என அறிவிக்கப்பட்டார். மார்த்தினுக்கு அருளாளர் பட்டம் 1837இல் கிடைத்தது. புனிதர் பட்டம் 1962 மே 6ஆம் நாள் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானால் அளிக்கப்பட்டது. இறந்து முந்நூற்று இருபத்து மூன்று ஆண்டுகள்! தாமதத்துக்கு வேறு காரணங்களும் கூறப்படுவதுண்டு. எனினும் இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், நிறத்துக்கு அதில் பங்கில்லை என்று நம்ப நம் மனம் ஒருப்படவில்லை. இதில் கவனிக்கத்தக்கது யாதெனின், உரோமை அறிவிக்கும்வரை லீமா நகரத்துக் கறுப்பர்கள் காத்திருக்கவில்லை. வேண்டுதல் கீழிருந்து தொடங்கிற்று. பட்டம் பின்னர் வந்தது.

மார்த்தினாரின் படத்தைக் கண்டிருப்போர் அவர் கையில் துடைப்பம் இருப்பதை அறிவர். இது குறித்து ஒரு சொல். தாழ்மையின் அடையாளமாகத் துடைப்பத்தை வரைந்தனர், குற்றமில்லை. ஆனால் நம் நாட்டில் துடைப்பம் தாழ்மையின் அடையாளமன்று; பிறப்பால் சுமத்தப்பட்ட விலங்கு. மார்த்தினார் மருத்துவம் கற்ற மனிதர். அவர் கையில் மருந்துக் குப்பியையும் வைத்து வரைந்தால் நம் பிள்ளைகள் அவரை இன்னும் சரியாக அறிந்துகொள்வர் என்பது நம் கருத்து.

நம் நாட்டுக்கு வருவோம். மதுரையில் 1606 முதல் பணிபுரிந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி, சந்நியாசி வாழ்வை மேற்கொண்டமையால் நம் மக்களோடு வெளிப்படையாகக் கலந்து பழக இயலவில்லை. ஆகவே 1640ஆம் ஆண்டையொட்டிப் பண்டார சாமிகள் என்ற மற்றொரு வகைக் குருக்கள் ஏற்பட்டனர். அவர்கள் வழி வந்தவரே அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரித்தோ. 1647இல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். சிறுவயதில் கொடிய நோயுற்றபோது, தாயார் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டு, நலம் பெற்றதும் மகனுக்கு ஓராண்டு இயேசு சபைத் துறவியின் உடையை உடுத்தி வைத்தார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு காவி உடுத்தும் நம் பெண்டிருக்கு இத்தாய் அன்னியமானவர் அல்லர். மறவர் சீமையில் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றுப் பலதார மணத்தைக் கைவிட்டதும், விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி சேதுபதியின் உறவினளாதலால் பகை மூண்டதும், 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டதும் பலர் அறிந்தவை. 1947இல் அவர் புனிதரானார். ஓரியூர்ச் செம்மணலை நெற்றியில் இட்டுக்கொள்வோருள் கத்தோலிக்கர் அல்லாதாரும் பலர்.

மணல் எல்லாரையும் ஒன்றாகக் கொண்டது. மடங்களும் கோவில்களும் அவ்வாறு கொள்ளவில்லை. நோயுற்ற பறையர் குடிசைக்குள் குருக்கள் நுழைய மறுப்பதைக் கண்டித்து, 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தெ தூர்நோன் ஆணை பிறப்பித்தார். நெடிய வழக்காடலுக்குப்பின் 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதி முடிவு கூறினார். விளைவு என்ன? நம் மக்களுக்கென்று தனிக் குருக்களை நியமித்தனர்! தீண்டாமையை ஒழிக்கச் சொன்ன ஆணைக்குத் தீண்டாமையைக் கொண்டே கீழ்ப்படிந்த விந்தை இது.

வடக்கன்குளத்தின் கதையும் இத்தகையதே. நட்டாலத்தில் 1712இல் நீலகண்டனாகப் பிறந்து, மார்த்தாண்டவர்மரின் அரண்மனையில் அலுவலராயிருந்தவர், டச்சுத் தளபதி டி லனாயின் வழியாக மறையை அறிந்து, 1745இல் இவ்வூரிலேயே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராமல் எல்லாரும் சமம் என்று வற்புறுத்தியது உயர்ந்தோர் எனப்பட்டாரின் வெறுப்பைத் தூண்டிற்று. 1749இல் பிடிக்கப்பட்டு, எருமை மேலேற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டார். அவர் திருநீராட்டுப் பெற்ற ஊரில் 1872இல் எழுந்த புதுக்கோவில், சாதிக்கொரு பக்கமாக இரு கால்களாகப் பிரிந்து, நடுவே சுவர் வைத்துக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, மக்கள் இரண்டு. 1910இல் சுவர் இடிக்கப்பட்டபோது, அதனை மீண்டும் எழுப்பக் கோரிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது.

இன்றும் புனிதரின் தேர் எத்தெரு வழியே செல்ல வேண்டும், சப்பரத்தைத் தோள் கொடுத்துச் சுமப்பவர் யார், பிணம் எவ்வழியே கோவிலுக்கு வரலாம் என்பன தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் வட்டாட்சியர் முன் பேசித் தீர்க்க வேண்டிய வழக்குகளாகவே உள்ளன. விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில் 2008 மார்ச்சில் இவ்வகைப் பூசல் முற்றிக் கலவரமாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம், சாதியடிப்படையிலான வேற்றுமை மெய்யான மனித ஒருமைப்பாட்டிற்கு எதிரானது என்று நேரே எடுத்துரைத்தார். எல்லாருக்காகவும் மன்றாடும் ஒருவரின் சுரூபம் ஒரு தெருவுக்குள் மட்டும் வரக்கூடாதெனில், அங்கே வணங்கப்படுபவர் அப்புனிதர் அல்லர் என்று மேலே கண்ட கொள்கையைக் கொண்டே நாம் வாதிடலாம். நீக்கேயா சங்கத்தின் விதியே நமக்குச் சான்று. மரியாதை உருவத்தைக் கடந்து ஆளைச் சேர வேண்டும்; சேராதபோது எஞ்சுவது மரமே.

புனிதர் பெயர் நம் பிள்ளைகளுக்கு மற்றொரு வகையிலும் விலையுள்ளதாயிற்று. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதியினர் என்னும் உரிமையை இந்துக்களுக்கே வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. எனவே கோவில் பேரேட்டில் சூசையாகவும் அருளானந்தமாகவும் இருப்பவன் பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயரோடு நிற்கும் நிலை பல ஊர்களில் உண்டு. உதவித்தொகைக்காகப் பெயரை மறைக்கிறான் என்று அவனை ஏளனம் செய்வோர், அவ்விரு பெயர்களுக்கிடையே உள்ள சுவரைக் கட்டியவர் எவர் என்பதையும் கேட்பது நன்று.

தேவசகாயத்திற்கு 2012இல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் வழங்கியபோது அவர் பெயரோடு 'பிள்ளை' என்னும் சாதிப்பெயரும் சேர்ந்தே வழங்கிற்று. அதனை நீக்க வேண்டுமென்று தமிழ்நாட்டிலிருந்து உரோமைக்கு விண்ணப்பங்கள் சென்றன. 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதர் என அறிவித்தபோது தேவசகாயம் என்றே அறிவித்தார். 'பிள்ளை' என்ற சொல் அங்கு இடம்பெறவில்லை.